உப்புவெளிக்கு வராத சொல்தா

கட்ச் உப்புப் பாலைவனத்தை நான் பார்த்தது ஒரு டூர் பஸ்ஸில் சமையல் ஆளாகப் போனபோது. எண்பதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மில்லில் கொஞ்ச நாள் பதிலி ஆளாக இருந்தேன். பிறகு பம்பாய். அங்கே நம்மவர்கள் ஓட்டல்களில் மாவாட்டி, பாத்திரம் கழுவி, கடைசியில் அடுப்பில் நின்றேன். ஐந்து வருஷம். மஞ்சள் காமாலை வந்தபோது ஓட்டல்காரர் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். பத்து நாள் ரயில்வே பிளாட்பாரத்தில் கிடந்துவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தேன். புதுச்சேரியில், சாரம் பகுதியில் அக்கா வீட்டில் படுத்துத் தேறினேன். உடம்பு தேறியதும் எங்காவது கிளம்ப வேண்டும் போல இருந்தது.

ரெட்டியார்பாளையத்தில் ஒருவர் வருஷத்துக்கு ஒரு முறை பஸ் பேசி, ஆட்களைச் சேர்த்து வடக்கே கூட்டிக்கொண்டு போவார். அவருக்கு இந்தி வராது. சமைக்கவும் இந்தி பேசவும் தெரிந்த ஒரே ஆள் என்பதால் என்னை எடுத்துக்கொண்டார். பஸ் கூரை மேல் அண்டா, குண்டான், மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி மூட்டை. பஸ்ஸுக்குள் நாற்பத்திரண்டு பேர். பாதிப்பேர் மில் குடும்பங்கள். மிச்சம் அறுப்பு முடித்துவிட்டு வந்த வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள்.

நோட்டீஸில் சோம்நாத், துவாரகை எல்லாம் போட்டு, கடைசி வரியில் 'உப்புப் பாலைவனம்' என்று அச்சடித்திருந்தார். அதை அவர் நேரில் பார்த்ததில்லை. ஏதோ காலண்டரில் படம் பார்த்திருக்கிறார். அந்தக் கடைசி வரிக்காக மட்டுமே வந்தவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கதிர்காமத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, அல்ஜீரியா வரை போய், திரும்பி வந்து ரெட்டியார்பாளையத்தில் வீடு கட்டியவர். நான் டூர்க்காரர் வீட்டு வாசலில் பாத்திரங்களை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தபோது வந்தார்.

"உப்புப் பாலைவனம்னு போட்டிருக்கியே, அது நெசமா போவுமா? இல்ல, நோட்டீசுல மட்டும்தானா?"

"போவும் சொல்தாய்யா. ஒரு கோயில வுட்டாலும் வுடுவேன், அத வுடமாட்டேன்."

"கோயிலு எனக்கு வேணாம். நாங்க வேதக்காரங்க. எனக்கு அது ஒண்ணுதான். ரெண்டு சீட்டு போடு. எனக்கும் எங்க அண்ணிக்கும்."

அண்ணி என்றது அவருடைய மூத்த அண்ணனின் மனைவியை. அண்ணன், தம்பி இரண்டு பேரும் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள். அண்ணன் அல்ஜீரியாவிலேயே இறந்துபோனார். அந்த அம்மாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது, பிள்ளை இல்லை. அதன் பிறகு இருபத்தைந்து வருஷமாகத் தனிக்கட்டை. கல்யாணம் செய்துகொள்ளாத கொழுந்தன் ஊர் திரும்பி வீடு கட்டியதும் அதன் பின்கட்டில் இருந்துகொண்டு அவருக்கும் சமைத்துப் போட்டார். வெள்ளைப் புடவை, கழுத்தில் ஜெபமாலை, கையில் ஒரு துணிப்பை. பையில் ஒரு போட்டோ. வண்டி திண்டிவனம் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுப் பெண்களுக்கெல்லாம் அதைக் காட்டிவிட்டார்.

"இவருதான் எங்க வூட்டுக்காரரு" என்பார்.

படத்தில் ஆள் இருக்காது. ஒரு கல்லறை இருக்கும். வெள்ளைச் சிலுவை, அதன் கீழே பூங்கொத்து. சொல்தா கடிதத்தோடு வைத்து அனுப்பியது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ஊரே சமாதிகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றும்போது, இந்த அம்மா வீட்டிலேயே அந்தப் படத்துக்கு முன்னால் ஏற்றுவார்.

துவாரகையில் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மா பஸ்ஸுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பஸ் நிழலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். சொல்தா எதிரே வந்து உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்தது.

"பட்டாளத்துல கத்துக்கிட்ட உருப்படியான வேலை இது ஒண்ணுதான்" என்றார்.

"சுட்டதெல்லாம்?"

"சுட்டது என்ன, எல்லாம் மேல பாத்துதான் சுட்டோம்."

கூடையில் பாதிக் கிழங்கு தீர்ந்த பிறகு, கத்தியைக் கீழே வைக்காமல் சொன்னார். அந்தப் படத்தில் இருப்பது அவர் அண்ணனுடைய கல்லறை இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயுடையது. அண்ணனுக்குக் கல்லறையே கிடையாது. அங்கே உப்பு ஏரிகள் உண்டு. கோடையில் வற்றி, மேலே வெள்ளையாகக் கட்டிப்போய்க் கிடக்கும். பார்த்தால் சிமெண்டுத் தரை போல இருக்கும். அடியில் சேறு. ஒருநாள் அண்ணன் ஓட்டிய லாரி முன்னால் போக, தம்பி இரண்டாவது வண்டியில் உட்கார்ந்து பின்னால் போயிருக்கிறார். மேல் ஓடு உடைந்து முன் லாரி சாய்ந்துவிட்டது. கதவுப் பக்கம் சேற்றுக்குள் போய்விட்டது. பொழுது சாயும் நேரம். அங்கே நிற்கக் கூடாது, கலகக்காரர்கள் சுடுவார்கள் என்று மேலதிகாரி எல்லோரையும் திரும்பச் சொல்லிவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தபோது லாரியின் கூரைகூட வெளியே தெரியவில்லை.

"மலேரியா காய்ச்சல், ஆஸ்பத்திரில போயிட்டாரு, நல்லபடியா அடக்கம் பண்ணோம்னு எழுதிட்டேன். எனக்கு இருபத்திரண்டு வயசு. வேற இன்னா எழுதறதுன்னு தெரியல."

"இப்ப எதுக்கு அய்யா?"

"போன கல்லறைத் திருநாள்ல அவங்க ஒண்ணு கேட்டாங்க. 'சின்னவரே, ஒரு தடவ என்னைக் கூட்டினு போயி அந்தக் கல்லறையக் காட்டுவீங்களா?'ன்னு. நான் இன்னாத்தக் காட்டுவேன்?"

ஊரில் வைத்துச் சொன்னால் அந்த அம்மாவுக்குப் புரியாது என்பது அவர் எண்ணம். தரை எப்படி ஒரு லாரியை விழுங்கும் என்பார்கள், தான் மறுபடியும் எதையோ கட்டிச் சொல்வதாக நினைப்பார்கள். அது போன்ற ஒரு தரையின் மேல் அவரை நிறுத்தி, காலால் தட்டிக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் இத்தனை தூரம் வந்திருந்தார்.

புஜ் ஊரில் ஒரு தர்மசாலையில் தங்கினோம். பாலைவனம் எல்லைப்புறம், அனுமதிச் சீட்டு வாங்காமல் போக முடியாது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, ஊர், எந்த நாட்டவர். டூர்க்காரர் அதை என் கையில் கொடுத்துவிட்டார். பம்பாயில் கடைப் பலகைகளைப் பார்த்துப் பழகிய இந்தி எழுத்தில் ஒவ்வொருவராகக் கேட்டு நிரப்பினேன். எல்லோருக்கும் இந்தியா, இந்தியா என்று எழுதிக்கொண்டே வந்தேன். சொல்தாவிடம் வந்ததும், "நாடு என்னான்னு போடட்டும்?" என்று கேட்டேன்.

"பிரான்சு" என்றார்.

எழுதிக்கொண்டேன். இதில் எங்கள் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் ஒரே வீட்டில் அண்ணன் பிரான்சு, தம்பி இந்தியா என்று இருப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்தபோது ஆறு மாதத்துக்குள் போய்க் கையெழுத்துப் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்துகொண்டார்கள், போடாதவர்கள் இந்தியர்கள் ஆனார்கள். சொல்தா போட்டார். அவர் அண்ணி, புருஷன் போனதிலிருந்து வெளியே எங்கும் போகாதவர், போடவில்லை. நாடு என்று யாராவது கேட்டால், ரத்த வகையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். அண்ணியின் பெயருக்கு எதிரே இந்தியா என்று எழுதி, தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதிகாரி விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "இந்த வெளிநாட்டுக்காரர் எங்கே?"

நான் வாசலில் நின்ற சொல்தாவைக் காட்டினேன். வேட்டி, தலையில் குளிருக்கு மப்ளர், எங்கள் எல்லோரையும் விடக் கறுப்பு. அதிகாரி நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். அவரை உள்ளே கூப்பிட்டு, உங்கள் பாஷையில் ஏதாவது பேசுங்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன். சொல்தா மப்ளரை எடுத்துவிட்டு, குதிகாலைச் சேர்த்து நின்று, பிரெஞ்சில் நாலு வரி சொன்னார். என்ன சொன்னாரோ, தன்னுடைய படைப்பிரிவின் பெயரும் எண்ணுமாக இருக்க வேண்டும். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, வெளிநாட்டவருக்கு அனுமதி டெல்லியிலிருந்துதான் வர வேண்டும், பல வாரம் ஆகும் என்றார்.

டூர்க்காரர் பதறிப்போனார். "அடிச்சுட்டு இந்தியான்னு போட்டுக்கிறோம்னு சொல்லுடா."

சொன்னேன். கண்ணால் பார்த்த பிறகு அது எப்படி முடியும் என்றார் அந்த அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. அவர் பெயரில் ஒரு கோடு போட்டுவிட்டு மற்றவர்களுக்கு முத்திரை வைத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் விஷயம் தெரிந்ததும் மில்காரர் ஒருவர் ஆரம்பித்தார். "ஏன் சொல்தா, கதிர்காமத்துல பொறந்த வெள்ளைக்காரன் நீ ஒருத்தன்தானா, இன்னும் இருக்காங்களா?"

"வெயில்ல நின்னு நின்னு கருத்துட்டாரு. கழுவினா தெரியும்" என்றார் இன்னொருவர்.

சொல்தாவும் சிரித்தார். பிறகு என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு தர்மசாலைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்.

"நீ எழுதாம இருந்திருக்கலாமேடா."

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாமே."

இரண்டும் உண்மை. அவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். அண்ணி அவர் இல்லாமல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இவர்தான் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

"நீதான் கூடப் போற. நீயே சொல்லிடு" என்றார்.

நான் முடியாது என்றேன். உங்கள் வீட்டு விஷயம், இன்று ராத்திரியே இங்கே வைத்து நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

"என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு அவங்க கேக்க வேணாம். நீ யாரோ. ஊருக்குப் போனா உன்னை மறந்துடலாம். என்னைத் தெனமும் பாக்கணும் அவங்க."

ஒப்புக்கொண்டேன் என்று நான் சொல்லவில்லை. மறுபடி மறுக்கவும் இல்லை. நான் எழுதிய எழுத்தினால்தான் அவர் நின்றுவிட்டார் என்ற எண்ணம் என் வாயை அடைத்துவிட்டது.

விடியற்காலையில் கிளம்பினோம். மூன்று மணி நேரம் முள்ளும் மண்ணுமாகப் போய், கடைசிக் கிராமம் தாண்டி, காவல் சாவடியில் தலை எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு சிப்பாயை எங்களோடு ஏற்றி அனுப்பினார்கள். பிறகு ரோடு நின்றது. அதற்கு மேல் வெள்ளை. மரம் இல்லை, செடி இல்லை, ஒரு காக்கை இல்லை. வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர்கள் இறங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒருவர் குனிந்து கிள்ளி வாயில் போட்டு, "உப்புதான்யா!" என்று கத்தினார். பெண்கள் முந்தானையில் அள்ளிக் கட்டிக்கொண்டார்கள். நம் மரக்காணத்து உப்பளத்தில் இல்லாத உப்பா என்று டூர்க்காரர் முணுமுணுத்தார்.

அந்த அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேராக நடந்து போனார். நான் பின்னாலேயே போனேன். எப்படித் தொடங்குவது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன், ஒன்றும் நிற்கவில்லை. நூறு தப்படி போயிருப்போம். சிப்பாய் விசிலடித்து ஓடிவந்தான். அதற்கு மேல் போகக் கூடாது, மேலேதான் கெட்டி, கீழே சதுப்பு, போன வருஷம் எங்கள் ஜீப் ஒன்று இறங்கி இன்னும் எடுக்க முடியவில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னான்.

"இன்னா சொல்றாரு?" என்று அந்த அம்மா கேட்டார்.

நான் அப்படியே தமிழில் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் மாறியிருக்க வேண்டும். அவர் தரையைப் பார்த்தார். குதிகாலால் ஒரு முறை இடித்தார். மேல் ஓடு விரிந்து, கறுப்பாகத் தண்ணீர் கசிந்து காலைச் சுற்றி வந்தது.

"எங்க வூட்டுக்காரரு இருந்த எடம் இதே மாதிரிதான்னு சின்னவரு நேத்து சொன்னாரு."

"ஆமாம்மா."

"இந்தத் தரையில எப்படிப்பா குழி வெட்டிப் பொதைக்க முடியும்?"

நான் காலடியில் கசிந்த தண்ணீரைப் பார்த்தேன்.

"உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

சொன்னேன். துவாரகையில் கேட்டதை, ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தேன். பத்து வாக்கியம் கூட இருக்காது. அவர் அழவில்லை. செருப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வண்டில கூட யாரு இருந்தாங்க?"

"தெரியாதும்மா."

"உடனே போச்சா? ரொம்ப நேரம் இருந்தாரா?"

"அவர் சொல்லலம்மா."

"கூப்பிட்டாரா?"

"தெரியாது."

"வேற இன்னாதான் தெரியும் உனக்கு?" என்று சத்தம் போட்டார். சிப்பாய் திரும்பிப் பார்த்தான். அதன் பிறகு அவர் அங்கேயே முழங்காலில் நின்று, ஒரு ஜெபமாலை முழுவதும் சொல்லி முடித்தார். புடவை முழங்கால் வரை நனைந்து, எழுந்தபோது அதில் உப்பு பூத்திருந்தது. எங்கள் ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் தாண்டி புஜ் திரும்பினோம். சொல்தா தர்மசாலை வாசலில் நின்றிருந்தார். அந்த அம்மா படியில் இறங்கி நேராக அவர் முன்னால் போனார். எல்லோரும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை.

"கூட யாரு இருந்தாங்க?"

"ஒரு அல்ஜீரியாக்காரன், அண்ணி. அவன் முன்னாடியே குதிச்சுட்டான்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"ஒரு மணி நேரம் நீங்க இன்னா பண்ணீங்க?"

"கயிறு போட்டோம். எட்டல. நான் எறங்கப் போனேன். 'வராத, அங்கயே நில்லு'ன்னு அண்ணன் கத்துனாரு." மப்ளரைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, "நின்னுட்டேன், அண்ணி" என்றார்.

அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "யாரு வூட்டுப் புள்ளைக்கோ இருபத்தஞ்சு வருசமா மெழுகுவத்தி ஏத்திக்கினு இருந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திரும்பும் வழி ஐந்து நாள். அவர் சொல்தாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்கள் பக்கம் கடைசி சீட்டுக்கு மாறி உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டுக்கு வந்து தட்டை நீட்டுவார், வாங்கிக்கொண்டு போய்விடுவார். சொல்தா உருளைக்கிழங்கு சீவ வந்து உட்காருவதும் நின்றுபோனது. நாட்டை நான் வேறு மாதிரி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஐந்து நாளும் யோசித்தேன். அவரே போயிருந்தாலும், அந்த வெள்ளைத் தரையில் நின்று வாய் திறந்திருப்பார் என்று எனக்கு நிச்சயமில்லை.

புதுச்சேரியில் இறங்கி ஒரு வாரம் இருக்கும். அக்கா வீட்டில் மத்தியானம் படுத்திருந்தேன். அந்த அம்மா விசாரித்துக்கொண்டு சாரத்துக்கு நடந்தே வந்துவிட்டார். அக்கா நாற்காலி போட்டாள். உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு. கோயிலு வாசல்ல உன்கிட்ட சொன்னாரே, அப்ப, வராத, நில்லுன்னு எங்க வூட்டுக்காரரு கத்துனதச் சொன்னாரா?"

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒரு முறை கல்லறைக் கதையைக் கட்டி அனுப்பியவர், இதையும் கட்டியிருக்க மாட்டாரா? சொன்னார் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நிம்மதியாகப் போய்விடுவார் என்று நினைத்தேன். நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லம்மா. என்கிட்ட சொல்லல. அன்னிக்கு தர்மசாலை வாசல்லதான் நானும் கேட்டேன்."

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப அது நெசமாத்தான் இருக்கும்" என்றார். "பொய்யா இருந்தா உன்கிட்டயே சொல்லி அனுப்பியிருப்பாரு."

வெயில் குறைந்த பிறகு போகலாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். சின்னவருக்கு மத்தியானம் சாப்பாடு போடவில்லை, இந்நேரம் உட்கார்ந்திருப்பார் என்று சொல்லிவிட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ரெட்டியார்பாளையம் பக்கம் நடந்தார்.